சோலைமுத்துவின் துப்பாக்கி மனு

சோலைமுத்துவை முதன்முதலில் பார்ப்பவர்கள், ஆள் கொஞ்சம் திமிர் பிடித்தவர் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஷார்ஜாவின் முவைலாவில் இருக்கும் என் டைப்பிங் சென்டருக்கு வரும் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் பெரும்பாலும் கூச்சத்தோடு கதவோரம் நிற்பார்கள். இவர் நேராக உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டு, "எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை. பெரிய சூப்பர்வைசர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு என்ன வேலை என்று விசாரித்தேன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை என்றார்.

உறையிலிருந்து பாஸ்போர்ட் நகல், விசா நகல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர், கூடவே இன்னொரு தாளையும் வைத்துவிட்டார். எடுத்துப் பார்த்தேன். துப்பாக்கி லைசென்ஸின் நகல். குடித்துக்கொண்டிருந்த தேநீர் எனக்குப் புரை ஏறிவிட்டது.

"என்னப்பா இது? இந்த நாட்டுல இதையெல்லாம் கையில வச்சிக்கிட்டுச் சுத்துறியே, போலீஸ் பாத்தா துப்பாக்கி எங்கேன்னு கேக்க மாட்டாங்களா?"

"காயிதந்தான பாய். காயிதம் சுடவா போகுது?" என்றார்.

பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை அது. அன்றிலிருந்து எங்களுக்குள் பழக்கம். நத்தம் பக்கத்து மலையடிவாரத்தில் அவருக்கு ஊர். காட்டுப்பன்றி இறங்குகிற பூமி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி, மருந்து கெட்டித்துச் சுடுவது, அப்பா இறந்த பிறகு இவர் பெயருக்கு மாறியது. பன்றியைச் சுடுவது கிடையாது, சத்தம் போட்டு விரட்டுவதோடு சரி என்று சொல்வார். நம்புவது நம் பொறுப்பு. ஊரில் அந்த வீட்டுக்குப் பெயரே துப்பாக்கி வீடு. கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போடுவார்களாம்.

ஷார்ஜாவில் அவர் ஓர் அறையில் ஆறு பேரில் ஒருவர். காலையில் ஐந்து மணிக்கு பஸ், மாலையில் தலையெல்லாம் சிமெண்டுத் தூசி, இருபது வயதுப் பையன் ஃபோர்மேனாக நின்று "யல்லா, ஜல்தி" என்று விரட்டுவான். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. தான் துப்பாக்கி வீட்டுக்காரன் என்பது அவருக்குள் எந்நேரமும் இருந்தது. நான் கீழக்கரைக்காரன், என் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள். துப்பாக்கியை சினிமாவில் பார்த்ததோடு சரி. ஆனாலும் மனிதனுக்கு நிமிர்ந்து நடக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்பது எனக்குப் புரியும். எனக்கு என் மனுக்கள் இருந்தன.

என் மனுக்களைப் பற்றி நானே சொன்னால் தற்பெருமையாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக மனு அடித்துக்கொடுத்துப் பிழைக்கிறேன். அஸ்கர் அலி பாய் அடித்த மனு திரும்பி வராது என்று முவைலாவில் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழில் விழுந்த பிழை முதல், கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன மனைவியைத் திரும்ப அழைப்பது வரை எல்லாவற்றுக்கும் என்னிடம் வாசகம் இருக்கிறது.

லைசென்ஸ்காரர் வெளிநாடு போனால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது விதி. சோலைமுத்து ஒப்படைக்கவில்லை. அவர் ஷார்ஜாவில் இருப்பது ஊருக்கே தெரியும், காகிதத்துக்கு மட்டும் தெரியாது. லீவை அதற்குத் தோதாக எடுத்து, லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டு வருவார். துப்பாக்கி அவர் மனைவி உமாராணியின் பொறுப்பில் வீட்டில் இருக்கும். கடலை விளையும் காலத்தில் எடுத்துக்கொண்டு காவலுக்குப் போவது தம்பி ஐயப்பன்.

2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் நடப்பதுதான். இந்த முறை தமிழ்நாட்டில் ஓட்டுப் பதிவு ஏப்ரலில், எண்ணுவதோ ஜூனில். அதாவது கடலை முற்றி, பன்றி மலையிலிருந்து இறங்கி வரும் நாட்களில் துப்பாக்கி வீட்டில் துப்பாக்கி இருக்காது.

நோன்பு நேரத்தில் ஒரு மத்தியானம் சோலைமுத்து கொதித்துக்கொண்டு வந்தார்.

"பன்னி என்ன ஓட்டுக் கேட்டா வருது பாய்? கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கிறவன் எவனாச்சும் கொண்டு போயி குடுப்பானா? அவன் வச்சிக்கிருவான். ஒழுங்கா லைசென்சு வாங்கினவன்தான் குடுத்துட்டு கையைப் பிசையணும். இது எந்த ஊரு நியாயம்?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. விதிவிலக்குக் கேட்டு ஆட்சியருக்கு மனுப் போடலாம் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"வீட்டுல துப்பாக்கியை யாரு கையாள்றது?" என்று, மனுவில் எழுத வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன்.

"தம்பிதான். கோவக்காரப் பய. ஸ்டார்ட் ஆகலன்னு சொந்த மோட்டார் சைக்கிளையே கடப்பாரையால அடிச்சவன். மத்தபடி தங்கம் பாய். அப்பா போகையில அவனுக்கு எட்டு வயசு. நாந்தான் வளத்தேன்."

கடப்பாரை விஷயம் அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. மனுவில் அதை எழுதவில்லை. "உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள் சமூகத்திற்கு" என்று ஆரம்பித்து, பன்றிகளின் அட்டூழியத்தை விவரித்து, ஒரு குடும்பமே நடுத்தெருவில் நிற்கும் நிலையைச் சொல்லி, ஆயுதத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அனுமதி வேண்டி, இரண்டு பக்கம் அடித்தேன். படித்துக் காட்டியபோது சோலைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு, ஊருக்குப் போகும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டார். உமாராணிக்கு போனில் கண்டிப்பாகச் சொன்னார்: "மனுவைக் குடுத்துரு. பதில் வர்ற வரைக்கும் துப்பாக்கியை யாரு வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது. வெளங்குதா?" தம்பிக்கும் போன் போட்டு, இந்தத் தடவை துப்பாக்கி எங்கேயும் போகாது, துபாயிலிருந்து மனு வருகிறது என்று பெருமையடித்துக்கொண்டார். ஷார்ஜா என்றால் ஊரில் யாருக்கும் விளங்காது.

அன்று நோன்பு திறந்த பிறகு வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். என் மகள் அஃப்னா பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூட டிபேட்டில் அவளுக்கு அந்த மாதம் இதே தலைப்பு: சின்னச் சின்னத் துப்பாக்கிச் சட்டங்களால் சாவு குறையுமா.

"வாப்பா, குறையும். நான் அந்த சைடுதான் பேசுறேன்," என்றாள். "சில ஊர்ல கன் வாங்கினா உடனே வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. சில நாள் வெயிட் பண்ணணும். ஆங்க்ரியா இருக்கிறவங்க அதுக்குள்ள கூல் ஆயிடுவாங்க."

"கோபம் என்னம்மா பிரியாணியா, ஆறிப்போறதுக்கு? கொல்லணும்னு நெனச்சவன் எதைக் கொண்டும் கொல்லுவான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்."

"எல்லாரும் வல்லவனா வாப்பா?" என்று கேட்டாள் அவள். நான் கஞ்சியைக் குடித்தேன். டிபேட்டில் அவள் தோற்றுவிட்டு வந்தாள். நான் சொன்னதைத்தான் எதிர்த்தரப்பும் சொன்னதாம். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

பெருநாள் முடிந்து ஆறாவது நாள், ஏப்ரல் பதினாறு, அந்த மழை வந்தது. அமீரகத்தில் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. காலையில் வானம் பச்சையும் கறுப்புமாக இருண்டது. மத்தியானத்துக்குள் முவைலாத் தெருவெல்லாம் ஆறு. கம்பெனி வேலையை நிறுத்திவிட்டதால் கேம்பில் சும்மா இருந்த சோலைமுத்து, என் கடை தரைத்தளத்தில் இருப்பது நினைவு வந்து, இடுப்புத் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். நான் கடைக்குள் நின்று எதை முதலில் காப்பாற்றுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். என் கைபேசி ஏற்கெனவே தண்ணீரில் விழுந்து உயிரை விட்டிருந்தது. அவர் நேராக வேலையில் இறங்கினார். சாரம் கட்டுபவர் அல்லவா, கம்ப்யூட்டர், பிரிண்டர், ஃபைல் பெட்டிகள் என்று எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொண்டு முதல் மாடிப் படிக்கட்டில் கொண்டுபோய் அடுக்கினார்.

ஐந்தாவது நடையில் அவருடைய கைபேசி மணியடித்தது. வாட்ஸ்அப்பில் தம்பியின் குரல் பதிவு. தலையில் பிரிண்டர் இருந்ததால் என்னைப் போட்டுவிடச் சொன்னார். நான் போட்டேன்.

"அண்ணே, விஜயபாஸ்கர் என்னைய டீக்கடையில வச்சு செருப்பால அடிச்சிட்டாண்ணே. அம்புட்டுப் பேரு பாத்தாங்ய. பாதைய அடைச்சு வேலி போட்டதும் அவன், அடிச்சதும் அவன். மதினிகிட்டத் துப்பாக்கியக் கேட்டா, ஸ்டேசன்ல குடுத்தாச்சுன்னு பொய் சொல்லுது. நீ மனுப் போட்டது எனக்குத் தெரியாதா? எங்க வச்சிருக்குன்னு சொல்லச் சொல்லுண்ணே. இல்லாட்டி வீட்டைப் பிரிச்சு நானே எடுத்துக்கிருவேன். இன்னைக்கு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

விஜயபாஸ்கர் பக்கத்துக் கடலைக் காட்டுக்காரர். கடலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் பாதை விஷயமாக அவர்களுக்குள் ரொம்ப நாளாகப் புகைந்துகொண்டிருந்தது எனக்கும் தெரியும்.

சோலைமுத்து பிரிண்டரை இறக்கவேயில்லை. அப்படியே தண்ணீரில் நின்றார். பிறகு மெதுவாக, "கடலைக் காலத்துல அதை மருந்து கெட்டிச்சே வச்சிருப்போம் பாய்," என்றார்.

நான் பிரிண்டரை அவர் தலையிலிருந்து பிடுங்கி வைத்தேன். அவர் மனைவிக்கு போட்டிம் என்ற செயலியில் கூப்பிட்டார். போகவில்லை. தம்பிக்குக் கூப்பிட்டார். போகவில்லை. சாதாரண அழைப்பும் போகவில்லை. "டேய் தம்பி, வேணாம்டா, அண்ணன் சொல்றேன்" என்று குரல் பதிவு போட்டார்; அது போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டடத்தில் மின்சாரம் நின்றது. கைபேசியில் நான்கு சதவீதம் இருந்தது. மூன்றானது. திரை கறுத்தது.

வெளியே கழுத்தளவு பள்ளங்கள். கார்கள் மிதந்துகொண்டிருந்தன. மாடியில் இருந்தவர்களிடம் எல்லாம் போய்க் கேட்டோம். ஒருவர் போனிலும் சிக்னல் இல்லை. படிக்கட்டில் வந்து உட்கார்ந்தோம்.

"உங்க வீட்டம்மா சொன்னது நெசமா இருக்கும்பா," என்றேன். "குடுத்திருப்பாங்க."

"குடுத்திருக்க மாட்டா பாய்." அவர் தலையை ஆட்டினார். "பதினெட்டு வருசமா நான் சொன்ன சொல்லை அவ மீறினதில்ல. பதில் வராமக் குடுக்காதன்னு நாந்தான சொன்னேன்? அவனுக்குப் பயந்துக்கிட்டு பொய் சொல்லிருக்கா. பரண்ல சாக்குக்குள்ள சுத்தி வச்சிருப்பா. அவன் அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவான்."

சொல்லை மீறாத மனைவி என்று அதுவரை ஆயிரம் முறை பெருமையாகச் சொன்னவர் அவர். அன்று அதைச் சொல்லிவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "மனு நல்லா இருந்துச்சுல்ல பாய்? கலெக்டர் ஒத்துக்கிட்டிருப்பாருல்ல?" என்றார். பயத்தில் கேட்கிறாரா, கோபத்தில் கேட்கிறாரா என்று தெரியவில்லை.

மனு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை. வேலை மெனக்கெட்டு, ஓர் ஆளைக் கொல்லக்கூடிய சாமானைக் கோபக்காரன் ஒருவன் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லி, இரண்டு பக்கம், பத்தி பிரித்து, கண்ணீர் வரும்படி அடித்திருக்கிறேன். கடப்பாரைக் கதையைக் காதால் கேட்டுவிட்டுத்தான் அடித்தேன். அந்தக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று நான் எழுதியது வாசக அழகுக்காக. அது நிஜமாகிவிட்டால், ஒருவன் சாவான், இன்னொருவன் ஜெயிலுக்குப் போவான், நடுவில் இந்த மனுஷன் ஒரு சாக்குத் துணியை நினைத்துக்கொண்டே ஆயுளைக் கழிப்பார்.

படிக்கட்டிலேயே அந்திநேரத்து மஃரிப் தொழுதேன். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் முதல் முறையாக, யா அல்லாஹ், நான் அடித்த மனு தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும் என்று கையேந்தினேன். அதைப் படித்த அதிகாரிக்கு ஈரமே இல்லாத நெஞ்சாக இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

விடிந்ததும் இறங்கினோம். தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வந்திருந்தது. பல்கலைக்கழகப் பக்கத்தில் ரோடு மேடாக இருக்கும் இடத்தில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணி டிரைவர் தன் பிக்கப்பை நிறுத்திவிட்டு, வண்டியின் பேட்டரியிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் போன் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்னால் பதினைந்து பேர். சோலைமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டார். "காவ் மே தம்பி..." என்று ஆரம்பித்த இவருக்கு மேலே ஹிந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அந்த மனிதர் தன்னுடைய போனைக் கழற்றிவிட்டு இவருடையதைச் செருகினார்.

போன் உயிர் வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்திகள் வந்து விழுந்தன. எதையும் திறக்க அவருக்குக் கை வரவில்லை. என்னிடம் நீட்டினார். நான் உமாராணியின் பெயரை அழுத்தி போட்டிமில் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"என்னங்க, மழைன்னு டிவியில காட்டுனாங்க, நல்லாருக்கீங்களா?"

"தம்பி எங்கடி?" என்றார் சோலைமுத்து.

"ஸ்டேசன்ல இருக்காரு. உசுரோடதான் இருக்காரு, பயப்படாதீக."

"விஜயபாஸ்கரு?"

"அந்தாளுக்கு ஒண்ணுமில்ல. கதவுதான் போச்சு."

"துப்பாக்கி?"

"வையாதீங்க. மனுவைக் குடுத்தேன். ரெண்டே வாரத்துல பதில் வந்துருச்சு, அனுமதிக்க இயலாதுன்னு ஒரே வரி. மூணாந்தேதியே துப்பாக்கியைக் கொண்டு போயி ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிட்டு வந்துட்டேன். நீங்க கத்துவீகன்னுதான் சொல்லல."

சோலைமுத்து பிக்கப்பின் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டாணி டிரைவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். "கலாஸ் பாய், சப் டீக் ஹை," எல்லாம் நல்லபடி என்று அவரிடம் சொல்லிவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு பக்க மனுவுக்கு ஒரே வரியில் பதில்! அந்த அதிகாரி யாரென்று தெரிந்திருந்தால் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பேன்.

நடந்ததை உமாராணி அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிமுடித்தார். ஐயப்பன் பரணைப் பிரித்திருக்கிறான், நெல் மூட்டைகளைக் கவிழ்த்திருக்கிறான், பீரோவை உடைத்திருக்கிறான். ரசீதைக் காட்டியும் நம்பவில்லை. தேடி ஓய்ந்த பிறகு, அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். விஜயபாஸ்கர் வீடு அரை மைல். ஓடி வருகிறவனைத் தெருவே பார்த்தது. யாரோ குரல் கொடுக்க, விஜயபாஸ்கர் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஐயப்பன் கதவை நாலு வெட்டு வெட்டினான். ஐந்தாவதற்கு அரிவாள் கட்டையில் சிக்கிக்கொண்டது, இழுத்தும் வரவில்லை. அதற்குள் நான்கு பேர் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துவிட்டார்கள். தேர்தல் நேரம் என்பதால் போலீஸ் ஜீப் பக்கத்து ஊரிலேயே இருந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தேன். அரிவாளால் ஆள் சாகவில்லையா? தினமும் பேப்பரில் வருகிறது. அந்தக் கதவு மக்கிப்போனதாக இருந்திருந்தால், விஜயபாஸ்கர் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டு அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் நின்றிருந்தால், கதையே வேறு. ஆகவே இந்தச் சட்டம் எல்லாரையும் காப்பாற்றும் என்று நான் மேடை போட்டுச் சொல்ல மாட்டேன். கள்ளத் துப்பாக்கிக்காரன் எவனும் அந்த ஏப்ரலில் ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நிற்கவில்லை, சோலைமுத்து சொன்னது உண்மைதான். ஆனால் ஐயப்பன் கள்ளத் துப்பாக்கிக்காரன் இல்லை. வல்லவனும் இல்லை. கடலை போட்டுப் பிழைக்கிற சாதாரண மனுஷன், ஒரு நாள் மத்தியானம் அவனுக்குக் கண் மறைந்துவிட்டது. அப்படிப்பட்டவனுக்குப் புல் ஆயுதம் ஆவதில்லை. அவன் கைக்கு எது எட்டுகிறதோ அதுதான் ஆயுதம். எட்டியது அரிவாள், அதைத் தடுக்க ஒரு கதவு போதுமாக இருந்தது. நான் இதை அஃப்னாவிடம் ஒப்புக்கொண்டேன். "தாங்க்யூ வாப்பா, பட் டிபேட் ஓவர்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பன்றிகளுக்கு அந்த வருஷம் கொண்டாட்டம். கடலையில் பாதியைக் கிளறித் தின்றுவிட்டன. உமாராணி தகர டின்னைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போனார். சோலைமுத்து அதைச் சொல்லும்போது புலம்பினார், அரசாங்கத்தைத் திட்டினார், என்னையும் திட்டினார். திட்டும்போதெல்லாம் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஐயப்பன் சில வாரம் ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். பெரியவர்கள் பேசி, பாதையை அளந்து விட்டு, கதவுக்கு இவர்கள் பொறுப்பேற்று, சமாதானம் ஆயிற்று. அதுவரை தம்பியோடு சோலைமுத்து பேசவில்லை. கோபம் என்று சொன்னார். பேசினால் எதைக் கேட்டுவிடுவோமோ என்ற பயம் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் மாதம், ஓட்டு எண்ணி முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சட்டையோடு கடைக்கு வந்தார். அன்று தான் சுமந்த பிரிண்டரைத் தடவிப் பார்த்தார். தேநீர் வந்தது, குடிக்கவில்லை. பிறகு கைபேசியை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தம்பியைக் கூப்பிட்டார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "இருங்க பாய், உங்களுக்கும் பாத்தியதை உண்டு," என்றார்.

"அண்ணே," என்றான் ஐயப்பன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லாமச் சொல்லு. அன்னைக்கு அது கையில கெடச்சிருந்தா சுட்டிருப்பியா?"

தெருவில் போகும் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஊரிலா, முவைலாவிலா என்று தெரியவில்லை.

"சுட்டிருப்பேண்ணே," என்றான். குரல் உடைந்துவிட்டது. "அன்னைக்குக் கெடச்சிருந்தா சுட்டிருப்பேன். மறுநாள் காலையில கெடச்சிருந்தா சுட்டிருக்க மாட்டேண்ணே. சத்தியமா மாட்டேன். ஸ்டேசன்ல முழிச்சதும் அவன் புள்ள முகந்தான் ஞாபகம் வந்துச்சு."

சோலைமுத்து மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மீசை துடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை.

"சரி விடு," என்றார். "சாப்பிட்டியா?"